சுதந்திரம் வரை போகாத பிளேயர்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் யார், எந்த நாடு என்று தெரியாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பழைய மியூசிக் பிளேயர்களுக்கான நமது ஃபர்ம்வேரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாராம். சோதனைக் கோப்புகளில் முதலாவதாக ஒரு காலிக் கோப்பு இருக்கிறதாம். உள்ளே ஒன்றுமே இல்லை, பெயர்கூட ஒரே எழுத்துதான், பார்க்க நத்தை மாதிரி இருக்கிறது, வைத்தவர் நீங்கள் என்று காட்டுகிறது, தேவையில்லை என்றால் நீக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

நான் வேலையிலிருந்து இரண்டு முறை ஓய்வு பெற்றவள். முதல் வேலை இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு. நூல் அறுந்தால் இயந்திரம் நிற்க வேண்டும், அறாவிட்டால் ஓட வேண்டும். இரண்டும் மாறி நடந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த ஓய்வுக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து, நான் குடும்பம் மாதிரி என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது வேலை இந்த ஃபர்ம்வேர். அதிலிருந்து ஓய்வு பெறுவதாக நானே ஒரு வரி எழுதிப் போட்டேன். யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். அவ்வளவுதான் விழா.

ஃபர்ம்வேர் என்றால் கருவிக்குள்ளேயே குடியிருந்து அதை நடத்தும் மென்பொருள். பட்டனை அழுத்தினால் பாட்டுப் பாடுவது பிளேயர் இல்லை, அதுதான். கம்பெனிகள் விற்றுவிட்டு மறந்துபோன பிளேயர்களுக்காக, உலகத்தின் பல மூலைகளிலிருந்து சிலர் சம்பளமில்லாமல் கூடி எழுதியது எங்கள் ஃபர்ம்வேர். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது கொள்கை. படிக்கலாம் என்பது உண்மை. திருத்துவதற்கு நடுவே கொக்கு நின்றார்.

அவர் நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே 'ஹெரான்' என்று பெயர் வைத்திருந்தார். அது கொக்கு வகைப் பறவை என்று அகராதி சொன்னதால் எங்கள் வீட்டில் அவர் கொக்கு. பெயர்ப் பொருத்தம் அபாரம். நாள்கணக்கில் அசையாமல் இருப்பார். திடீரென்று ஒரே ஒரு சொல்லால் கொத்துவார். அந்தச் சொல் "ஏன்?"

நான் அனுப்பிய முதல் திருத்தமே அதற்கு இரையானது. என் பிளேயரில் ஒவ்வொரு பாட்டும் முடியும் தறுவாயில் கடைசி இழுப்பை முழுங்கிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவியது. பாட்டு முடிந்தது என்று கணக்கு சொன்னதும், உள்ளே மிச்சம் இருக்கிற ஒலி வெளியே வரக் காத்திராமல் கதவைச் சாத்திவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். திருத்தி அனுப்பினேன். "ஏன்?" என்று பதில் வந்தது. பக்கம் பக்கமாக விளக்கினேன். "எப்படித் தெரியும்?" என்று வந்தது. திருத்தும் முன்பும் பின்பும் ஒலியைப் பதிவு செய்து அனுப்பினேன். பிறகு "சேர்த்துவிட்டேன்" என்று வந்தது. நன்றி கிடையாது, பாராட்டு கிடையாது. மில்லில் என் மேலாளர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தப்புச் செய்தால் தெலுங்கில் திட்டுவார், சரியாகச் செய்தால் தமிழில் திட்டுவார். அதையாவது ஒரு கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கொக்கிடம் அதுவும் கிடையாது.

"ஓசியில வேல வாங்குதவனுக்கு இம்புட்டு அதிகாரமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் கொக்கின் கேள்விக்குப் பதில் எழுதி எழுதித்தான் என் வேலை எனக்கே புரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கொக்கின் நடைமுறை இது. ஒரு பிழை வந்தால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதை மறுபடி நடக்க வைப்பது எப்படி என்று எழுத வேண்டும். ஏன் நடக்கிறது, திருத்தினால் வேறு யாருக்காவது கெடுமா என்பதும் வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் மேசையில் நடப்பது அவர் மேசையிலும் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் 'செய்து காட்ட முடியவில்லை' என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. மெக்கானிக் தலையைக் கண்டதும் ஒழுங்காக ஓடுகிற இயந்திரங்களோடு காலம் தள்ளியவள் நான்.

ஃபர்ம்வேரில் எனக்குப் பிடித்த பகுதி அதன் வாய். பார்வையில்லாதவர்களுக்காக அது மெனுவை வாய்விட்டுச் சொல்லும். தமிழ்க் குரல் இல்லை, நான் கொடுத்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலை அடைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தேன். எண்களில்தான் கொக்கு குறுக்கே வந்தார். எல்லா மொழியிலும் இருபது, ஐந்து என்று தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்போது உங்களுக்கு மட்டும் நூறு வரை ஒவ்வொன்றும் தனியாக எதற்கு என்று கேட்டார், அதாவது "ஏன்?" என்றார். சேர்த்து ஒரு தடவை ஒலிக்க விட்டு அனுப்பினேன். பிளேயர் "பேட்டரி இருபது... ஐந்து" என்றது. ஏலக்கடையில் விலை கேட்கிற மாதிரி இருந்தது. இருபத்தைந்து என்றால் ஒரே சொல், நடுவே மூச்சு விடக்கூடாது என்று விளக்கினேன். சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து தமிழ் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பிளேயரும் என் குரலில் பேசியது. வீட்டுக்காரர் நடைக்குப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு போனவர், பாதியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "வீட்டுல கேக்கது பத்தாதா?" என்றார்.

எஸ்தரை நான் சந்தித்ததும் அந்தக் குரலால்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் குருசாமி அண்ணாச்சி மொபைல் கடை வைத்திருக்கிறார். முன்பு அதே கடையில் கேசட் பதிவு செய்து கொடுத்தவர். பழைய பிளேயர் எங்கே அகப்பட்டாலும் எனக்காக எடுத்து வைப்பார். நான் சொல்லிக்கொடுத்தபடி எங்கள் ஃபர்ம்வேரை ஏற்றி, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கவும் செய்வார். ஒரு நாள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, நீங்கதான பேட்டரி கொறைவு?"

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் போலவே பேசிக் காட்டினாள். "பேட்டரி குறைவு. அணைக்கப்படுகிறது." அச்சு அசலாக இருந்தது. அன்று முதல் நான் அவளுக்கு பேட்டரி அக்கா.

மம்சாபுரத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த காய்ச்சலில் பார்வை போனது. அதற்குப் பிறகும் விடாமல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். அரசு வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். யாரோ நல்ல மனிதர்கள் வாசித்துப் பதிவு செய்த பாடங்களை அண்ணாச்சி மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அவளிடம் போன் இருந்தது. ஆனால் போனில் பாடம் கேட்டால் நடுவே யாராவது கூப்பிடுகிறார்கள், அண்ணன் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கின்றன. பிளேயரில் பட்டன் விரலுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு அதில் விளையாட ஒன்றுமில்லை. ஆகவே பிளேயர்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு குறை என்றாள். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் விட்ட இடத்தில் தொடங்காமல் முதல் பாடத்துக்கே போய்விடுகிறதாம். ஒவ்வொரு பாடமும் ஒரு சினிமா நீளம். வீட்டு வேலைக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் கேட்கிறவள் அவள். பட்டனை அழுத்தி அழுத்தி, ஓட்டி ஓட்டி, விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அலுத்துப்போய் முதலிலிருந்தே கேட்டுவிடுவாள். விளைவு என்னவென்றால், சிந்துவெளி நாகரிகத்தில் அவளை ஒருவராலும் அசைக்க முடியாது. ஆனால் அவளுடைய வரலாற்றில் வெள்ளைக்காரன் இன்னும் கப்பலே ஏறவில்லை.

"போன பரிச்சையில பூரா சுதந்திரப் போராட்டம் கேட்டுருந்தாங்கக்கா. நான் மொகஞ்சதாரோ கொளத்தை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, அடுத்த தேர்வோடு சரி என்று அண்ணன் சொல்லிவிட்டதையும் சொன்னாள். அதிலும் தேறாவிட்டால் வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

கடையிலேயே அவள் பிளேயரை வாங்கிப் பார்த்தேன். நிறுத்தினேன், போட்டேன். சிந்துவெளி. மறுபடி நிறுத்தினேன், போட்டேன். சிந்துவெளி. நல்ல பிழை, கையோடு பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதே பாடங்களை இணையத்தில் எனக்கு அனுப்பும்படி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே மாதிரி பிளேயரில் ஏற்றினேன். விட்ட இடத்தை அணுவளவும் பிசகாமல் ஞாபகம் வைத்திருந்தது. கொக்குக்கு எழுதினேன். அவரும் செய்து பார்த்தார். அவர் மேசையிலும் நடக்கவில்லை. மூடப்போகிறேன் என்றார். அடுத்து வரும் பதிப்புதான் அந்த மாதிரிப் பிளேயருக்குக் கடைசிப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னார். அது வரை திறந்து வையுங்கள் என்று கெஞ்சினேன். மூடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய தாட்சண்யம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் சர்ச்சுக்குப் போன நேரத்தில் அவள் கார்டை வாங்கி என் கம்ப்யூட்டர் வழியாக வேறொரு கார்டில் நகல் எடுத்தேன். நகல் கார்டு எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. அசல் கார்டு மறந்தது. கார்டுதான் கோளாறு என்று முடிவு கட்டி, புதுசு போடச் சொன்னேன். அண்ணாச்சி புதுக் கார்டில் ஏற்றிக் கொடுத்தார். அதுவும் மறந்தது. ஆகமொத்தம் என் கையால் செய்த கார்டுக்கு ஞாபகசக்தி இருந்தது, அவர் கையால் செய்த கார்டுக்கு இல்லை. இதைக் கொக்குக்கு எழுதினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதவில்லை.

மில்லில் இப்படி ஆகும்போது நாங்கள் இயந்திரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓட்டுகிறவரின் கையைப் பார்ப்போம். அதைத்தான் செய்தேன். அண்ணாச்சி கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எஸ்தருக்காக இன்னொரு கார்டு போடச் சொன்னேன்.

அவர் கார்டைச் செருகினார். பழசையெல்லாம் அழித்தார். பிறகு கார்டுக்குள் புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கினார். பெயர் கேட்ட இடத்தில் ஒரே ஒரு எழுத்து தட்டினார். உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடினார். அதற்குப் பிறகுதான் பாடங்களை இழுத்து உள்ளே போட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, இப்ப என்ன செஞ்சீங்க?"

"கார்டு போடுதேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டீங்களே."

அவருக்கு ஞாபகமே இல்லை. நான் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். 'உ'.

"ஓ, சுழியா? அது போடாம எப்படி?" என்றார். கேசட் காலத்தில் அட்டையின் உச்சியில் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் பாட்டு வரிசையை எழுதுவாராம். அதில் தப்பில்லை. "இப்ப கார்டு நகத்தளவுக்கு இருக்கு. அதுல எங்க போய் எழுத? அதான் உள்ள போட்டுருதேன்," என்றார். அப்படியானால் எனக்கு இணையத்தில் அனுப்பியதில் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அனுப்புததுக்கு எதுக்குச் சுழி? புதுசா ஒண்ணு தொடங்கும்போதுதான போடுவாங்க?"

நான் எடுத்த நகலில் அது ஏன் இல்லை என்பதற்கு அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலிக் கோப்புகளை விட்டுவிடும்படி என் கம்ப்யூட்டரை எப்போதோ பழக்கி வைத்திருந்தேன்.

மீதி எளிது. பிளேயர் அணையும்போது எந்தப் பாடம், எந்த இடம் என்று குறித்துக்கொள்ளும். மறுபடி போடும்போது, முதல் கோப்பிலிருந்து வரிசையாகப் போய் அந்தப் பாடத்தைத் தேடும். கோப்பின் நீளம் பூஜ்ஜியம் என்று வந்தால் வரிசை முடிந்துவிட்டது, தேடுவதை நிறுத்தலாம் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தது. அண்ணாச்சியின் கார்டில் முதல் கோப்பே பூஜ்ஜியம். தேடல் வாசலிலேயே முடிந்துவிடும். பாடம் கிடைக்கவில்லை, ஆரம்பத்திலிருந்து தொடங்குவோம் என்று பிளேயர் சிந்துவெளிக்குப் போய்விடும். உலகத்தில் வேறு யாரும் கார்டின் தலையில் காலிக் கோப்பை வைப்பதில்லை என்பதால் இது வேறு யாருக்கும் நடக்கவில்லை.

தீர்வு அதைவிட எளிது. சுழியை அழித்தால் போதும். அண்ணாச்சியிடம் சொன்னேன். "சரி, ஒங்க இஷ்டம்," என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு முடியாது என்று பொருள். எஸ்தரிடம் போனில் விவரத்தைச் சொன்னேன். அவளுக்கு அப்படி ஒன்று கார்டில் இருப்பதே தெரியாது.

"எனக்காகவா போட்டாவ?"

"எல்லாருக்கும் போடுவார்போல. ஒனக்கும் போட்டுருக்கார்."

"அழிக்காதீங்கக்கா. பரிச்ச நேரத்துல ஒருத்தர் போட்டுத் தந்ததை அழிச்சா என்னமோ மாதிரி இருக்கு."

"நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளல்லா?"

"ஆமா. அவிய நான் பாசாகணும்னுதான போட்டுருக்காவ? கோளாறு சுழியிலயா இருக்கு, பிளேயர்லதான இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பட்டனில் முடிகிற காரியம். தேர்வு வருகிறது, கடைசிப் பதிப்பு வருகிறது, அண்ணன் காத்திருக்கிறான், இவள் நியாயம் பேசுகிறாள் என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள சொல்லுதது சரிதான?" என்றார். சரிதான். அதனால்தான் கோபம்.

கொக்குக்கு எழுதினேன். இந்த முறை அவர் மேசையிலும் நடந்தது. ஆனால் அதைச் செய்து காட்டுவதோடு வேலை முடியாது. பயனரிடம் அந்தக் கோப்பை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அவர் எழுதிவிட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோப்பு எதற்காக என்று கேட்டார். விநாயகர், விக்கினம், சுழி என்று நீளமாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "எதையும் தொடங்கும் முன் போடுவது" என்று அனுப்பினேன்.

உள்ளே ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

"இன்னும் தொடங்கவில்லையே" என்று எழுதினேன்.

பதில் வரத் தாமதமானது. பயந்துகொண்டுதான் இருந்தேன். வந்தது, அவர் எனக்கு எழுதியதிலேயே நீளமான கடிதம். "அப்படியானால் தவறு நம்முடையது. காலியாக இருப்பதால் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. திருத்தம் அனுப்பவும். இது திரும்ப வராதபடி ஒரு சோதனையும் சேர்க்கவும்."

திருத்தம் ஒரே வரி. அதைத் திருத்தும்போதுதான் பழைய வரியை எழுதியது யார் என்று பார்த்தேன். கொக்குதான், பல வருஷத்துக்கு முன்பு. அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோதனைக்காக ஒரு காலிக் கோப்பைச் செய்து 'உ' என்று பெயர் வைத்து அனுப்பினேன். அவர் அதை எடுத்து எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் வைத்தார். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த நாட்டில் யார் எங்கள் ஃபர்ம்வேரைத் திருத்திச் சோதித்துப் பார்த்தாலும் முதலில் சுழி போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குகிறது.

கடைசிப் பதிப்பு வந்தது. அண்ணாச்சி எஸ்தரின் பிளேயரில் ஏற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு காலையில் போன் வந்தது.

"அக்கா, நேத்து சுதந்திரம் வாங்கியாச்சு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். மில்லில் எத்தனையோ இயந்திரத்தை ஓட வைத்திருக்கிறேன். ஒன்றுக்காகவும் எனக்குக் கண் கலங்கியதில்லை.

அவள் தேறினாள். இப்போது இராஜபாளையத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தளவாய்புரம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவள் அண்ணன், "என் தங்கச்சி கவர்மெண்டு," என்று அறிமுகமில்லாதவர்களிடமும் சொல்வதாகக் கேள்வி. கொக்கு ஒரு நாள் வருவதை நிறுத்திக்கொண்டார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இன்றும் எதையாவது எழுதி முடித்தால், அவர் என்ன கேட்பார் என்று ஒரு நிமிஷம் நினைக்கிறேன். அவர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

மின்னஞ்சல் வந்த அன்று எஸ்தரைக் கூப்பிட்டு, உன் சுழியை எடுக்கட்டுமா என்று ஒருவர் கேட்கிறார் என்றேன். அவள் அலுவலகத்தில் இருந்தாள், பின்னால் யாரோ முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது.

"ஏங்க்கா, அது என்ன எடத்தையா அடைக்குது?" என்றாள்.

உண்மை. அதன் நீளம் பூஜ்ஜியம். கம்ப்யூட்டரைத் திறந்து அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எஸ்தர், அண்ணாச்சி, கார்டு, கொக்கு என்று இங்கே எழுதிய அத்தனையையும் எழுதிப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "ஏன்?" என்று மட்டும் அனுப்பினேன்.